மாணவர்களின் மதுப்பழக்கம்: கல்லூரிப் பணியில் புதிதாகச் சேர்ந்தோருக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரிப் பணியில் புதிதாகச் சேரும் ஒருவருக்குப் பாடத்திட்டமும் கால அட்டவணையும் கையில் தரப்படுகின்றன; வருகைப்பதிவை எப்படி எடுப்பது, உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை எங்கே பதிவது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கப்படுகின்றன. காலை வகுப்பில் ஒரு மாணவர் மது வாடையோடு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அப்படி ஒரு நாள் வரும்போது சிலர் கண்டும் காணாமல் நகர்ந்துவிடுகிறார்கள். சிலர் வகுப்பே பார்க்க அவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இரண்டினாலும் அந்த மாணவருக்கு எந்த நன்மையும் இல்லை.

இந்த வழிகாட்டி ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. விடுதிக் காப்பாளர், நூலகர், ஆய்வக உதவியாளர், உடற்கல்வி இயக்குநர், அலுவலக எழுத்தர், இரவுக் காவலர் என மாணவரை அன்றாடம் பார்க்கும் அனைவருக்கும் உரியது. சொல்லப்போனால், பேராசிரியருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. கீழே வரும் படிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கருத்துதான்: மாணவர் தமக்காகவோ நண்பருக்காகவோ உதவி கேட்டால், கேட்ட காரணத்துக்காக அவர் எதையும் இழக்கக் கூடாது. ‘சொன்னால் மாட்டிக்கொள்வோம்’ என்ற அச்சம் இருக்கும்வரை வேறு எந்த ஏற்பாடும் பயன் தராது.

படி 1: தேவைப்படுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பணியில் சேர்ந்த முதல் மாதத்துக்குள் சில செய்திகளைக் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியின் உளவள ஆலோசகர் எந்த நாள்களில், எந்த நேரத்தில், எந்த அறையில் இருப்பார். இரவில் அவசர சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் மிக அருகில் உள்ளது எது. அவசர ஊர்தி வளாகத்துக்குள் எந்த வாயில் வழியாக வரும், அந்த வாயிலின் சாவி யாரிடம் இருக்கும். மது அருந்தச் சட்டம் எந்த வயதை வரையறுக்கிறது. மாணவர் உங்களிடம் சொல்லும் எந்தெந்தச் செய்தியை நீங்கள் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பவையே அவை. சாவி போன்ற சின்ன விஷயம்தான் நள்ளிரவில் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

உங்கள் பணியின் எல்லையையும் இப்போதே வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒரு மாணவர் மதுவுக்கு அடிமையா இல்லையா என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. கவனிப்பது, தனியே அழைத்துப் பேசுவது, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பிறகும் தொடர்பை விடாமல் வைத்திருப்பது ஆகிய நான்கும் உங்களுடையவை. மாணவர்களோடு சேர்ந்து மது அருந்துவது, சுற்றுலாவில் அவர்கள் அருந்துவதைச் சிரித்துக்கொண்டே அனுமதிப்பது, ‘நாங்க படிக்கிற காலத்துல குடிக்காத குடியா’ என்று வகுப்பில் பெருமை பேசுவது ஆகியவற்றில் ஒன்றைச் செய்தாலும் இந்த நான்கையும் செய்யும் தகுதி உங்களை விட்டுப் போய்விடும்.

படி 2: அளவைக் கிராமில் கணக்கிடப் பழகுங்கள்

‘கொஞ்சம்தான் குடித்தேன்’ என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. மதுவின் அளவைக் கோப்பையிலோ புட்டியிலோ எண்ணாமல், அதிலுள்ள சுத்த ஆல்கஹாலின் கிராமில் கணக்கிட வேண்டும். மில்லிலிட்டரைச் செறிவு விழுக்காட்டால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.789ஆல் பெருக்கினால் கிராம் கிடைத்துவிடும். 5 விழுக்காடு செறிவுள்ள 330 மில்லிலிட்டர் பீரில் சுமார் 13 கிராமும், 40 விழுக்காடு செறிவுள்ள மதுவின் 30 மில்லிலிட்டரில் சுமார் 9.5 கிராமும் உள்ளன. ‘பீர்தானே, அதில் என்ன இருக்கிறது’ என்ற பேச்சு இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. கையேடுகள் மதுவை எண்ணப் பயன்படுத்தும் அலகான ‘ஒரு நிலை அளவு’ (standard drink) நாட்டுக்கு நாடு மாறுபடும். பிரிட்டனில் அது 8 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். ஆகவே வெளிநாட்டுக் கையேடு ஒன்றைப் படிக்கும்போது அது எந்த அளவைச் சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மாணவர்களிடம் அதிகம் காணப்படுவது அன்றாடக் குடி அன்று. ஒரே அமர்வில் அளவின்றிக் குடிப்பதுதான். அமெரிக்க வரையறைப்படி, ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குள் ஆண் 5 நிலை அளவும் பெண் 4 நிலை அளவும் எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 விழுக்காட்டை எட்டிவிடும். கிராமில் சொன்னால் முறையே 70, 56. கல்லீரலோ மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் அகற்றும். தேநீரோ குளியலோ மோரோ அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 10 மணிக்குத் தொடங்கி 70 கிராம் எடுத்துக்கொண்ட ஒருவரின் இரத்தத்தில் மறுநாள் காலை 7 மணி வகுப்பிலும் ஆல்கஹால் மிச்சமிருக்கக் கூடும். அவர் அமிலப் புட்டியைத் திறக்கப்போகிறாரா, கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கப்போகிறாரா என்பதை எண்ணிப் பார்த்தால், ஆய்வகப் பணியாளர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், 2019ஆம் ஆண்டில் மதுவால் நேர்ந்த இறப்புகள் சுமார் 26 லட்சம். அவற்றுள் 13 விழுக்காடு 20 முதல் 39 வயது வரையிலானவர்களுடையவை. இந்த வயதில் ஈரல் கெட்டுச் சாகிறவர்கள் குறைவு. விபத்து, வன்முறை, தற்கொலை, நச்சேற்றம் ஆகியவையே இளையோரைக் கொண்டுபோகின்றன. ஆகவே ‘இன்னும் அடிமையாகவில்லை, படிப்பு முடிந்தால் தானே சரியாகிவிடும்’ என்ற ஆறுதலுக்கு இடமில்லை. பழக்கமே இல்லாத மாணவர்கூட ஒரே இரவில் உயிரிழக்கலாம்.

படி 3: ஊகத்தைத் தள்ளிவைத்து, கண்டதை எழுதுங்கள்

ஒரு நாள் தாமதம் எதையும் சொல்லாது. திங்கட்கிழமைகளில் மட்டும் விடுப்பு, நன்றாக எழுதிக்கொண்டிருந்தவரின் விடைத்தாளில் திடீர்ச் சரிவு, புதிய காயங்கள், கடன் கேட்கும் பழக்கம், பழைய நண்பர்களிடமிருந்து விலகல், முந்தைய இரவில் நடந்தது நினைவில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்து சில வாரங்கள் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன மறதியை நண்பர்கள் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். உண்மையில், நடந்தவற்றை நினைவாகப் பதியும் மூளைப் பகுதி அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி அது. விழித்திருந்து, நடந்து, பேசியும் இருப்பார். ஆனால் எதுவும் பதிந்திருக்காது.

குறிப்பேட்டில் ‘குடித்துவிட்டு வந்தார்’ என்று எழுதாமல், ‘காலை 9.10க்கு வந்தார், மது வாடை இருந்தது, கை நடுங்கியது’ என்று எழுதுங்கள். முதலாவது தீர்ப்பு, இரண்டாவது பதிவு. இதில் ஒரு மருத்துவக் காரணமும் இருக்கிறது. இரத்தச் சர்க்கரை சட்டென்று குறைந்த நீரிழிவு நோயாளிக்கும் தலையில் அடிபட்டவருக்கும் பேச்சு குழறும், நடை தள்ளாடும், வியர்க்கும். அவர்களைக் குடிகாரர் என்று ஒதுக்கி உட்கார வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வு, தேர்வுப் பதற்றம், வீட்டுச் சண்டை ஆகியவையும் இதே முகத்தோடுதான் வரும். பல சமயம் மது அவற்றின் விளைவாகவே இருக்கும்.

படி 4: தனியே அழைத்துச் சுருக்கமாகப் பேசுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். எனவே சற்று விரிவாகப் பார்ப்போம். மாணவர் நிதானத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். மது உள்ளே இருக்கும்போது சொல்வது எதுவும் ஏறாது. அறைக் கதவு முழுவதும் மூடியிருக்க வேண்டாம், ஆனால் பேச்சு வெளியே கேட்கக் கூடாது. 10 அல்லது 15 நிமிடங்கள் போதும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ‘உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் உரியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், மற்றது என்னோடு இருக்கும்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பேச்சு ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“உட்காரு. போன மூணு திங்கட்கிழமையும் செய்முறை வகுப்புக்கு நீ வரலை. நேத்து வந்தப்ப கை நடுங்கிச்சு, மது வாடையும் இருந்தது. திட்டுறதுக்காகக் கூப்பிடலை. என்ன நடக்குதுன்னு கேட்கலாம்னுதான்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை சார். எப்பவாவதுதான்.”

“சரி. குடிச்சா உனக்கு என்ன கிடைக்குது?”

“தூக்கம் வருது சார். இல்லைன்னா விடிய விடிய முழிச்சுக்கிட்டே கிடப்பேன்.”

“தூக்கத்துக்காகத்தான் ஆரம்பிச்சிருக்கே. காலையில எப்படி இருக்கு?”

“காலையிலதான் சார் பிரச்சினை. அப்பா போன் பண்ணாக்கூட எடுக்க முடியலை.”

இங்கே ஆசிரியர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்டதை இரண்டு வாக்கியங்களில் சொன்னார். குடியால் கிடைக்கும் நன்மையை முதலில் கேட்டார். மாணவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். தீமையை மாணவரே எடுத்து வைத்தார். ஊக்கமூட்டும் நேர்காணல் என்று சொல்லப்படும் இந்த முறையை உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முதலில் விளக்கினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கும் அவரும் சேர்ந்து வளர்த்தெடுத்தனர். மாற வேண்டும் என்ற காரணத்தை நாம் சொன்னால் மாணவர் எதிர்வாதம் செய்வார்; அவர் வாயாலேயே வந்தால் அதற்கு எதிராக அவரே பேசமாட்டார் என்பதே இதன் உட்கருத்து. ‘குறைக்க வேண்டும் என்ற எண்ணம் 0 முதல் 10 வரை எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்டு, அவர் 4 என்றால், ‘ஏன் 4தான்?’ என்று மடக்காமல், ‘ஏன் 1 என்று சொல்லவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில்தான் பிடி கிடைக்கும்.

தூக்கத்தைப் பற்றிய செய்தியை அவர் விரும்பினால் சொல்லலாம்: மது விரைவில் உறங்க வைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துவிடும். ‘இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டபின் சொல்லுங்கள். அவர் மறுத்துவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ‘எப்போது வேண்டுமானாலும் வா’ என்று முடித்து, இரண்டு வாரம் கழித்து நீங்களே ஒருமுறை விசாரியுங்கள்.

படி 5: உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்

‘ஆலோசகரைப் போய்ப் பார்’ என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு சட்டைப்பையிலேயே கிடக்கும். அவர் எதிரிலேயே தொலைபேசியில் நேரம் குறித்து, முடிந்தால் அந்த அறை வரை கூடவே நடந்து போங்கள். ஆலோசகர் பெரும்பாலும் ‘ஆடிட்’ எனப்படும் வினாத்தாளைப் பயன்படுத்துவார். உலக சுகாதார நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட அதில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீங்கான குடியாக இருக்கக்கூடும் என்றும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மருத்துவப் பரிசோதனை தேவை என்றும் கொள்வது வழக்கம். மாணவர் முன்கூட்டியே கேட்டால், இது தேர்வு அன்று, மதிப்பெண் கல்லூரி அலுவலகத்துக்கு வராது என்று விளக்குங்கள். அப்படிச் சொல்வதற்கு முன், உங்கள் கல்லூரியில் அது உண்மையிலேயே வராது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெற்றோருக்குச் சொல்வதும் இப்படியே. வயதுவந்த மாணவரின் ஒப்புதலோடு, முடிந்தால் அவரையே பேசவைத்து, கூட இருப்பது சிறந்தது. உயிராபத்து இருந்தால் மட்டும் இது மாறும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதிகம் குடித்து, காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் உள்ளவரிடம் ‘இன்றே நிறுத்திவிடு’ என்று சொல்லக் கூடாது. அத்தகையவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் மனக்குழப்பமும் இல்லாதது தோன்றுவதும் சேர்ந்து உயிரையே பறிக்கும் நிலைக்குப் போகலாம். விடுதி அறையில் பூட்டிவைத்துத் திருத்தப் பார்ப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் கொடுமை. அவரை நேரே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

படி 6: நள்ளிரவில் அழைப்பு வந்தால்

விடுதிப் பணியாளர் இதை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். தட்டியும் உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, நிமிடத்துக்கு 8க்கும் குறைவாக மூச்சு, இரண்டு மூச்சுகளுக்கு நடுவே 10 நொடிக்கு மேல் இடைவெளி, வலிப்பு, உதடும் நகமும் நீலம் பாரித்தல், உடல் சில்லிட்டிருத்தல், அரைமயக்கத்தில் வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை மது நச்சேற்றமாகவே கருத வேண்டும். எல்லா அறிகுறியும் வரட்டும் என்று காத்திராமல் உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு நிமிடத்தை ஓடவிட்டு மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொலைபேசியில் கேட்பவரிடம் சொல்ல அந்த எண் உதவும்.

ஊர்தி வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலின் முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றச் செய்து, மேல் கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, வாய் தரையை நோக்கிச் சரிந்திருக்குமாறு வையுங்கள். வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து குறையும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, எலுமிச்சைச் சாறு புகட்டுவது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, நடக்க வைப்பது எல்லாமே ஆபத்து. ‘தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்’ என்பது அவற்றைவிட ஆபத்து. கடைசியாகக் குடித்தது இரைப்பையிலிருந்து இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருப்பதால், கண் மூடிய பிறகும் அளவு ஏறும். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சேர்த்து எடுத்திருக்கிறாரா என்று நண்பர்களிடம் கேளுங்கள். மேசைமேல் இருக்கும் புட்டியையும் மாத்திரை அட்டையையும் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புங்கள்.

கலப்பட மது என்றால் கணக்கே வேறு. மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்திருந்தால் போதை தெளிந்த பிறகு, பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும் பார்வை மங்கலும் தொடங்கும். மறுநாள் ஒருவர் ‘கண் சரியாகத் தெரியவில்லை’ என்றால் அவரையும், அவரோடு குடித்தவர்கள் நலமாகத் தெரிந்தாலும் அவர்கள் அனைவரையும், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

படி 7: விதிகளையும் சூழலையும் திருத்த முயலுங்கள்

மேற்சொன்ன இரவில் நண்பர்கள் காப்பாளரை அழைக்கத் தயங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் தண்டனைப் பயம். இதற்குத் தீர்வாக, உதவிக்கு அழைத்தவர்மீதும் பாதிக்கப்பட்டவர்மீதும் மது அருந்திய குற்றத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில்லை என்ற விதியைப் பல கல்லூரிகள் ஏற்றுள்ளன; அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நடவடிக்கைக்குப் பதிலாக அவர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னால் ‘குடிக்க அனுமதி கொடுப்பதா?’ என்று ஒருவராவது கேட்பார். குடிப்பதற்கான தடை அப்படியே இருக்கிறது, உயிரைக் காக்க அழைத்ததற்கான தண்டனை மட்டுமே நீங்குகிறது என்பது அதற்கான பதில். விதி வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாடியிலும் அறிவிப்புப் பலகையில், அழைக்க வேண்டிய எண்ணோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அரங்கில் எல்லோரையும் உட்கார வைத்து, கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டி அச்சுறுத்தும் விழிப்புணர்வு நாளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தகவல் மட்டும் தருவது குடிப்பதைக் குறைப்பதில்லை என்பதே கல்லூரி ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிவு. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பது தெரியாதவர் எவருமில்லை. பயன் தருவது வேறொன்று. அமெரிக்க ஆய்வாளர்களான வெஸ்லி பெர்கின்ஸும் ஆலன் பெர்கோவிட்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், சக மாணவர்கள் உண்மையில் விரும்புவதைவிட அதிகமாகக் குடியை ஏற்றுக்கொள்வதாக மாணவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பெயரில்லாமல் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, குடிக்காதவர்களின் உண்மையான எண்ணிக்கையை மாணவர்களுக்கே காட்டுவது, ‘எல்லோரும்தான் குடிக்கிறார்கள்’ என்ற பொய்யை உடைக்கும். அந்த எண் உங்கள் கல்லூரியினுடையதாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய எண்ணை மாணவர் நம்பமாட்டார்.

கால அட்டவணைகூட இதில் கருவிதான். வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பில்லாத மாணவர்கள் வியாழன் இரவு அதிகம் குடிப்பதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் காட்டியது. முதலாண்டின் முதல் ஆறு வாரங்கள் குறிப்பாகக் கவனிக்கத்தக்கவை. புதிய நண்பர் கூட்டத்தில் ஒட்டிக்கொள்வதற்காகவே பலர் அப்போது தொடங்குகிறார்கள். மாலை ஏழு மணிக்கே நூலகத்தையும் விளையாட்டரங்கையும் பூட்டிவிட்டு, இரவில் மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்று வியப்பதில் பொருளில்லை.

படி 8: சிகிச்சை முடிந்து திரும்புபவரை வரவேற்கத் தயாராகுங்கள்

இது பெரும்பாலான கல்லூரிகளில் மறக்கப்படும் பகுதி. சிகிச்சைக்காக ஒரு பருவம் விடுப்பெடுத்த மாணவர், வருகைக் குறைவு, எழுதாத தேர்வு, கட்டாத கட்டணம், பழைய அறைத்தோழர் என்ற நான்கையும் ஒரே வாரத்தில் எதிர்கொள்கிறார். மருத்துவச் சான்றிதழை யார் ஏற்பது, எந்தத் தேர்வை எப்போது எழுதலாம், எந்த அறை என்பதை அவர் வருவதற்கு முன்பே ஒரே ஆள் பொறுப்பேற்று முடித்துவைத்தால், அவர் நான்கு மேசைகளில் தன் கதையைச் சொல்ல வேண்டியிராது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 1977லேயே மீண்டுவரும் மாணவர்களுக்கான ஏற்பாட்டைத் தொடங்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988இல் அவர்களுக்கென்றே மது இல்லாத தங்குமிடத்தை அமைத்தது. தனிக் கட்டடம் கட்ட முடியாத கல்லூரியும், குடிக்காத நண்பர்கள் உள்ள ஓர் அறையை ஒதுக்கித் தர முடியும்.

மீண்டு வந்தவர் திரும்பவும் குடித்துவிட்டதாக ஒருநாள் தகவல் வரலாம். மது நோயில் இது அடிக்கடி நடப்பது. சிகிச்சை வீணாகிவிட்டதற்கான சான்று அன்று. அப்போது செய்ய வேண்டியதும் நான்காம், ஐந்தாம் படிகளில் சொன்னதுதான்: நிதானமான நேரத்தில் அழைத்து, கண்டதை மட்டும் சொல்லி, அன்றைக்கே ஆலோசகருக்குத் தொலைபேசி செய்து, அடுத்த சந்திப்பை அந்த வாரத்துக்குள் குறித்துவிடுங்கள்.